மாவுக்கட்டு போட்ட கையோடு மனத்துக்குள் வீணை வாசித்தால் மூளையில் என்ன நடக்கும்?

வீணை மாணவி, மாட்டுங்கா:
மழையில் வழுக்கி விழுந்து இடது மணிக்கட்டு முறிந்ததால், மாவுக்கட்டுப் போட்டிருக்கிறார்கள். கட்டுப் பிரிக்கும்வரை வீணையைத் தொடக்கூடாது. ஆசிரியையோ, தினமும் மாயாமாளவகௌளை ராகத்தில் ஜண்டை வரிசைகளை (ஸ்வரங்களை இரட்டித்து வாசிக்கும் தொடக்கப் பயிற்சிகளை) மனத்துக்குள் வாசித்துக்கொண்டே இருக்கும்படி சொல்கிறார். அப்படி நினைக்கும்போது மூளையில் கையை இயக்கும் பகுதிகள் உண்மையிலேயே வேலை செய்கின்றனவா, அல்லது இது மனத் தெம்புக்காக மட்டும்தானா? விவரம் அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

நரம்பியல் ஆய்வு மாணவர், நவி மும்பை:
உண்மையிலேயே வேலை செய்கின்றன. ஓர் அசைவைக் கற்பனை செய்யும்போது, மூளையின் மேலடுக்கான புறணியில் அசைவைத் திட்டமிடும் முன்னியக்கப் புறணியும் துணை இயக்கப் பகுதியும், கைகால்களின் நிலையைக் கணிக்கும் உச்சி மடலும், சிறுமூளையும் செயல்படுவதை மூளைப் படங்கள் திரும்பத் திரும்பக் காட்டியுள்ளன. தசைகளுக்குக் கட்டளை அனுப்பும் முதன்மை இயக்கப் புறணியைப் பற்றித்தான் கருத்து வேறுபாடு: மூளையின் செயல்பாட்டைப் படமெடுக்கும் எஃப்எம்ஆர்ஐ ஆய்வுகள் சிலவற்றில் அங்கே மெல்லிய செயல்பாடு தெரிகிறது, சிலவற்றில் தெரிவதில்லை. ஆனால் தலையின் மேல் காந்தத் துடிப்பு கொடுத்து விரல் தசையின் எதிர்வினையை அளந்தால், அந்த விரலை அசைப்பதாக நினைக்கும் நேரத்தில் அந்த எதிர்வினை பெரிதாகிறது. கட்டளைப் பாதை தயார்நிலைக்கு உயர்கிறது, கட்டளை மட்டும் தசையை எட்டாமல் அடக்கப்படுகிறது என்றே நான் புரிந்துகொள்கிறேன்.

உங்களுக்கு மிக நெருக்கமான ஆய்வு, நரம்பியலாளர் அல்வாரோ பாஸ்குவல்-லியோன் குழுவினர் 1995-இல் வெளியிட்டது. பியானோ பழகாதவர்களுக்கு ஐந்து விரல் பயிற்சி ஒன்றை நாளுக்கு 2 மணி நேரம் வீதம் 5 நாள் கொடுத்தார்கள். மனத்துக்குள் மட்டும் பயின்றவர்களிடமும், விரல் தசைகளுக்குரிய புறணிப் பரப்பு, கையால் வாசித்தவர்களிடம் போலவே விரிந்திருந்தது. வாசிப்பில் அவர்கள் சற்றுப் பின்தங்கினாலும், ஒரே ஒரு 2 மணி நேரக் கைப்பயிற்சியில் மற்றவர்களை எட்டிவிட்டார்கள்.

இயன்முறை மருத்துவர், செம்பூர்:
மேலே சொன்னதோடு ஒன்றைச் சேர்க்க வேண்டும், ஏனென்றால் நோயாளிகள் தவறுவது பெரும்பாலும் இங்கேதான். கை நகர்வதை வெளியிலிருந்து பார்ப்பது போல நினைப்பதும், அசைவை உள்ளிருந்து உணர்வதும் ஒன்றல்ல. காந்தத் துடிப்புச் சோதனையில் தசையின் எதிர்வினையைக் கூட்டியது உணரும் கற்பனைதான். காட்சியாக மட்டும் நினைப்பது அவ்வாறு செய்யவில்லை என்று 2006-இல் வெளியான ஆய்வு ஒன்று காட்டியது. ஆகவே நடுவிரல் தந்தியை வீணைத் தண்டின் குறுக்கே உள்ள மெட்டின் மேல் அழுத்தி இழுக்கும்போது விரல் நுனியில் தந்தி பதிகிற அந்த அழுத்தத்தையும், இழுவைக்கு மணிக்கட்டு கொடுக்கும் தாங்குதலையும் நினைவில் கொண்டுவாருங்கள். உண்மையான வாசிப்புக்கு ஆகும் நேரமே கற்பனைக்கும் ஆக வேண்டும். முதல் காலத்தில், அதாவது மெதுவான வேகத்தில், தாளம் போட்டுப் பாருங்கள், மனம் முந்திக்கொண்டு ஓடினால் விரல்களை நீங்கள் நினைக்கவில்லை, ஸ்வரங்களை மட்டும் நினைக்கிறீர்கள்.

கட்டுப் போட்ட கைக்கே நேரடிச் சான்றும் உண்டு. அமெரிக்காவின் ஒஹாயோ பல்கலைக்கழகத்தில் நலமானவர்களின் மணிக்கட்டை 4 வாரம் கட்டி வைத்த ஆய்வில் (2014), சும்மா இருந்தவர்கள் சுமார் 45 விழுக்காடு வலிமையை இழந்தார்கள். தசையை வலுவாக இறுக்குவதாகக் கற்பனைப் பயிற்சி செய்தவர்கள் இழந்தது சுமார் 24 விழுக்காடு.

வீணை மாணவி, மாட்டுங்கா:
இருவருக்கும் மிக்க நன்றி. நீங்கள் சொன்னபடி உணர்ந்து நினைக்கும்போது, கட்டுக்குள் முன்கை இலேசாக இறுகுகிறது. அது தவறா?

இயன்முறை மருத்துவர், செம்பூர்:
சிலருக்கு அப்படி நேர்வதுண்டு, அம்மா. கையைத் தலையணையில் தளர்வாக வைத்துக்கொண்டு, இறுக்கம் வந்தால் சற்று நிறுத்தித் தொடருங்கள். வலி எழுந்தாலோ, முறிந்த இடம் அசைவது போலத் தோன்றினாலோ பயிற்சியை விட்டுவிட்டு, கட்டுப் போட்ட எலும்பு மருத்துவரிடம் கேளுங்கள்.