புதுப்பிப்பு: நான்காவது ஆளால் வரும் கூடுதல் வருவாய் – விடை கிடைத்துவிட்டது

பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. பிறகு தேடி வருபவர்களுக்காகக் கணக்கை மறுபடி தருகிறேன்.

வேலைக்கு 3 பேர் இருந்தால் 60 பொருள்கள், ஒன்றின் விலை 20. 4 பேர் என்றால் 72 பொருள்கள், ஆனால் அத்தனையும் விற்க விலையை 19 ஆக்க வேண்டும். கூலி ஆளுக்கு 180. நான்காவது ஆளால் வருவாய் எவ்வளவு கூடும், அவரை எடுக்கலாமா என்பதுதான் கேள்வி. நான் மொத்த வருவாயை 4 ஆல் வகுத்து 342 என்று எழுதியிருந்தேன். அது சராசரி, கேட்டதே வேறு.

இறுதிநிலை உற்பத்தியை (கூடுதல் ஆளால் கூடும் பொருள்களின் எண்ணிக்கை) விலையால் பெருக்கச் சொன்ன யோசனையை முதலில் போட்டுப் பார்த்தேன்: 12 × 19 = 228. கூலியைவிட அதிகம், எடுக்கலாம் போலத்தான் தெரிந்தது. ஆனால் விடைத்தாளில் 168!

கைகொடுத்தது, "இரண்டு நிலைக்கும் மொத்த வருவாய் போட்டுக் கழி" என்ற பதில். 1368 − 1200 = 168. இடையில் காணாமல் போன 60 எங்கே என்றால், முன்பு 20க்கு விற்ற 60 பொருள்களும் இப்போது ஒவ்வொன்றும் 1 குறைந்து 19க்குப் போகின்றன. விலை மாறாத சந்தையாக இருந்தால் பெருக்கல் வழியே போதும். இங்கே 168 கூலிக்குக் கீழே, ஆக எடுக்கக் கூடாது.

எதிர்பாராத ஒன்று: அட்டவணை 4 பேரிலிருந்து நேராக 6 பேருக்குத் தாவுகிறது. 6 பேருக்கு வருவாய் 1530. வித்தியாசம் 162 இரண்டு பேருக்கும் சேர்த்து, அதனால் ஆளுக்கு 81. வகுக்க மறந்து இன்னொரு தடவை தப்பு செய்தேன்.

அப்புறம், மூலப்பொருள் செலவு இந்தக் கணக்கில் இல்லை. இருந்தால் கூலியோடு ஒப்பிடும் முன் அதையும் கழிக்க வேண்டும்.