புதுப்பிப்பு: பனியில் கருகிய சட்சுமா, வேரிலிருந்து துளிர்த்த பிறகு

2021 பிப்ரவரி உறைபனியில் அமெரிக்காவின் ஹூஸ்டன் பக்கம் கருகிய சட்சுமா ஆரஞ்சு மரங்களை உடனே வெட்ட வேண்டாம், துளிர் வரும்வரை பொறுங்கள் என்று முன்பு எழுதியிருந்தேன். அதன்பின் துளிர் வந்துவிட்டது. அது எங்கிருந்து வருகிறது என்பதுதான் கேள்வி.

ஒட்டுத் தழும்புக்கு (சட்சுமாவை வேறொரு செடியின் வேர்ப்பகுதியில் ஒட்டிய இடம்) மேலே வந்தால் அது சட்சுமாவேதான். திடமான ஒன்றை மட்டும் நேராக வளர விட்டு, மற்றவற்றைக் கிள்ளிவிடுங்கள். தழும்புக்குக் கீழே, ஒரே காம்பில் மூன்று சிற்றிலைகளும் நீண்ட முள்ளும் இருந்தால் அது முவ்விலை நாரத்தை, அதாவது வேர்ச்செடி. எத்தனை வருடம் உரம் போட்டாலும் கசப்பும் விதையும் நிறைந்த காய்தான் தரும். நம்பி ஏமாற வேண்டாம்!

அதற்காக வேரைத் தோண்டி எறியாதீர்கள், அதுதான் பெரிய சொத்து. அதிலிருந்து வரும் ஒரு போத்தை (இளந்தண்டை) பென்சில் பருமன் வரை வளர்த்து, பட்டை எளிதாக உரியும் பருவத்தில், தரையிலிருந்து 15 செ.மீ. உயரத்தில் மொட்டுக் கட்டுங்கள், அதாவது சட்சுமா மொட்டு ஒன்றைப் பட்டைக்குள் செருகி நாடாவால் சுற்றுங்கள். மொட்டு எடுக்கும் குச்சி நோயற்றது எனச் சான்று பெற்றதாகவே இருக்கட்டும். பசுமையாதல் நோய் (ஆரஞ்சு, எலுமிச்சை இன மரங்களை அழிக்கும் பாக்டீரியா நோய்) குச்சி வழியாகவும் பரவும். 3 வாரத்தில் நாடாவை அவிழ்க்கும்போது மொட்டு பச்சையாக இருந்தால் பிடித்துவிட்டது. பிறகு மொட்டுக்கு மேலுள்ள தண்டை வளைத்துவிட்டால் மொட்டு கிளம்பும்.

தண்ணீரைக் குறைத்துவிடுங்கள். இலை இல்லாத மரம் அதிகம் உறிஞ்சாது, வேர் அழுகிவிடும். அடுத்த உறைபனியிலிருந்து காக்க, நவம்பர் கடைசியில் ஒட்டுக்கு மேல் 30 செ.மீ. வரை மண் அணைத்து, மார்ச்சில் எடுத்துவிடுங்கள்.