முழங்கால் மூட்டுக்கு மறு அறுவை செய்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

அம்மாவுக்கு முழங்கால் மூட்டு மாற்றியும் வலி விடவில்லை. கீழ்க்கால் எலும்பில் பொருத்திய பாகம் தளர்ந்துவிட்டதாம், மறு அறுவை வேண்டும் என்கிறார் மருத்துவர். காரணம் தெரியாத வலிக்காகச் செய்தால் பலன் குறைவு என்பார்கள். இங்கே காரணம் தெரிந்ததே கொஞ்சம் ஆறுதல்.

இப்போது தொற்று இருக்கிறதா என்று பார்க்க சிஆர்பி (உடலில் அழற்சியைக் காட்டும் ரத்தப் பரிசோதனை), மூட்டு நீர் பரிசோதனை நடக்கிறது. கிருமித்தொற்று இருந்தால் பெரும்பாலும் இரண்டு கட்டமாம்: பழையதைக் கழற்றி, அந்த இடத்தில் தற்காலிகமாக ஆன்டிபயாடிக் கலந்த சிமென்ட் கட்டி (ஸ்பேசர்) வைத்து, வாரக்கணக்கில் காத்திருந்து, அப்புறம்தான் புதிய மூட்டு. எனக்குப் பயமே அந்த இடைக்காலம்தான். எப்படிச் சமாளித்தீர்கள்? வாக்கர் போதுமா?

மறு அறுவைக்குப் பிறகு கால் எவ்வளவு மடங்குகிறது, படி ஏற முடிகிறதா? சும்மா தைரியம் சொல்ல வேண்டாம், நடந்ததை அப்படியே எழுதுங்கள். சரியாகாதவர்களும் சொல்லலாம்.