ஒடுகத்தூர் மலையடிவாரக் கொட்டாய்க்கு ஜெனரேட்டர்: கார் ஆல்டர்னேட்டரா, மூணு ஃபேஸ் மோட்டாரா?

மாந்தோப்பு:
ஒடுகத்தூர் தாண்டி மலையடிவாரத்துல தோப்பு, ஓட்டுக் கொட்டாய். கரண்ட் கம்பம் கிட்டத்துல இல்ல. லோடு: 9 வாட் எல்இடி பல்பு நாலு, 30 வாட் பிஎல்டிசி ஃபேன் ரெண்டு, போன் சார்ஜ். 2 எச்பி பெட்ரோல் பம்ப்செட் இன்ஜின் சும்மா கிடக்குது. கம்மி செலவுல ஜெனரேட்டரா மாத்த வழி சொல்லுங்க.

காட்பாடி மெக்கானிக்:
காயலான் கடைல மாருதி 800 சைஸ் ஆல்டர்னேட்டர், அதான் கார்ல பேட்டரிக்கு சார்ஜ் ஏத்துற டைனமோ, கிடைக்கும். ஒத்தை வி-காடி புல்லி உள்ளதா பாருங்க. ரிப் பெல்ட் புல்லின்னா லேத்துல மாத்தணும். அதுல ரெண்டரை இஞ்ச் புல்லி இருக்கும். இன்ஜின் பக்கம் அஞ்சு இஞ்ச் போட்டா 2000 ஆர்பிஎம்லயே ஆல்டர்னேட்டர் 4000 ஓடும். 35 ஆம்பியர், 14 வோல்ட், 490 வாட். 12 வோல்ட் 150 ஏஎச் டியூபுலர் பேட்டரி ஒண்ணு, சின்ன இன்வெர்ட்டர் ஒண்ணு. வேலை முடிஞ்சுது.

ஆம்பூர் வயர்மேன்:
அண்ணா, 2 எச்பின்னு தகட்டுல போட்டிருக்கறது 3600 ஆர்பிஎம்க்கு. 2000ல ஓட்டினா 1.1 எச்பி தான் வரும். ஆல்டர்னேட்டர் திறன் 55 சதவீதம்னு வச்சா 490 வாட்டுக்கு ஷாஃப்ட்ல 890 வாட், அதாவது 1.2 எச்பி வேணும். இன்ஜின் திணறி நின்னுடும். மூன்றரை இஞ்ச் போட்டு 3000ல ஓட்டணும்.

அத விட, இதையெல்லாம் விட்டுட்டு 3 எச்பி மூணு ஃபேஸ் மோட்டாரையே ஜெனரேட்டரா ஓட்டலாமே? கார்பன் பிரஷ் இல்ல, டயோடு இல்ல, நேரா 230 வோல்ட். ஸ்டார்ல (மூணு வைண்டிங் முனையும் ஒரே இடத்துல சேர்ந்தது) 415 வோல்ட் மோட்டார்னா வைண்டிங்க டெல்டாவா (முக்கோணமா) மாத்துங்க. கரண்ட் பிறக்க கெபாசிட்டர் வேணும். எத்தனை மைக்ரோஃபாரட் கெபாசிட்டர்னு ஊகிக்க வேணாம். டெல்டாவா மாத்தறதுக்கு முன்னாடி ரீவைண்டிங் கடைல ஸ்டார் கனெக்ஷன்லயே 415 கொடுத்து நோ-லோடு ஆம்பியர் பாருங்க. 2.3 ஆம்பியர் காட்டினா, அத 314 × 240 (ஒரு வைண்டிங்ல வர்ற வோல்ட்) ஆல வகுத்தா 30 மைக்ரோஃபாரட். ஒரு ஃபேஸ்ல 30, பக்கத்து ஃபேஸ்ல 60, லோடு 30 உள்ள ஃபேஸ்ல. 440 வோல்ட் ரன்னிங் கெபாசிட்டர் மட்டும் தான். ஸ்டார்ட்டிங் கெபாசிட்டர் போட்டா சில நிமிஷத்துல வெடிக்கும்.

காட்பாடி மெக்கானிக்:
எழுத நல்லா இருக்குது. அந்த மோட்டார் 1560 ஆர்பிஎம் பக்கம் ஓடினாத்தான் 50 ஹெர்ட்ஸ். லோடு ஏறினா வோல்டேஜ் இறங்கும். அதிகமா ஏறினா ரெசிடுவல் மேக்னடிசம் (இரும்புல மிச்சம் இருக்கற காந்தம்) போய் மொத்தமா செத்துடும், அப்புறம் ஒரு வைண்டிங்ல 12 வோல்ட் பேட்டரிய ஒரு நொடி தொட்டு உயிர் கொடுக்கணும். லோட எடுத்தா வோல்டேஜ் எகிறி எல்இடி டிரைவர் எல்லாம் போகும். சுத்துற திசைக்கு தப்பான ஃபேஸ்ல 60ஐ போட்டா வைண்டிங் சுடும். லோடு மாறாத இடத்துக்கு சரி. ராத்திரி ஒரு பல்பு, ஒரு ஃபேனுக்கு இன்ஜின ஓட்டிக்கிட்டே உக்காந்திருக்கணுமா? 2 எச்பி இன்ஜினுக்கு 3 எச்பி மோட்டார் எதுக்குன்னே தெரியல.

குடியாத்தம் சோலார்:
ரெண்டு பேரும் ஜெனரேட்டரையே பாக்கறீங்க. ஒரு நாள் தேவைய கூட்டுங்க: பல்பு 5 மணி நேரம் 180 வாட்-ஹவர், ஃபேன் 10 மணி நேரம் 600, போன் 20. மொத்தம் 800. ஆல்டர்னேட்டர் 490 வாட் கொடுத்தாலும் பேட்டரி அத உள்ள இழுக்கணுமே. பாதி இறங்கின 150 ஏஎச் பேட்டரி முதல் ஒரு மணி நேரம் 30 ஆம்பியர் இழுக்கும், அப்புறம் 15, 10, 8ன்னு இறங்கிடும். இன்ஜின் பெட்ரோல குடிச்சுட்டு வெறும் 100 வாட்டுக்கு உறுமும். முழுசா ஏத்த அஞ்சு மணி நேரம், மணிக்கு அரை லிட்டர். தினம் 250 ரூபா.

335 வாட் பேனல் ஒண்ணு நம்ம ஊர் வெயில்ல நஷ்டம் போக சாதாரணமா 1000 வாட்-ஹவர் கொடுக்கும். ஆனா அந்தப் பேனல் 37 வோல்ட். எம்பிபிடி கன்ட்ரோலர் (பேனல் வோல்டேஜ இறக்கி ஆம்பியர ஏத்திக் கொடுக்கற சார்ஜர்) தான் போடணும். மலிவா கிடைக்குதுன்னு அப்படி மாத்தாத பிடபிள்யூஎம் கன்ட்ரோலர் போட்டா 9 ஆம்பியர் அப்படியே தான் வரும், 120 வாட்டுக்கு மேல தேறாது.

காட்பாடி மெக்கானிக்:
அந்த அஞ்சு மணி நேரத்த யாரு ஓட்டச் சொன்னா? ஒன்றரை மணி நேரம் ஓட்டி 75 சதவீதம் வரைக்கும் ஏத்துங்க, மீதிய பேனல் பாத்துக்கட்டும். வடகிழக்கு பருவமழைல நாலு நாள் மேகம் மூடினா உங்க 1000 வந்து 200 ஆகும்.

குடியாத்தம் சோலார்:
அதுக்கு ரெண்டாவது பேனல் போடலாம். பெல்ட் தேயாது, ஆயில் மாத்த வேணாம்.

மாந்தோப்பு:
இன்ஜின் கையில இருக்கறதால முதல்ல ஆல்டர்னேட்டர், கொஞ்ச நாள்ல பேனல்னு நினைக்கறேன். வயரிங் எப்படி?

காட்பாடி மெக்கானிக்:
ஆல்டர்னேட்டரோட பி பிளஸ் (சார்ஜ் வெளிய வர்ற) முனையிலேந்து பேட்டரிக்கு 16 ஸ்கொயர் எம்எம் காப்பர் கேபிள், ரெண்டு மீட்டருக்கு மேல வேணாம். 60 ஆம்பியர் ஃப்யூஸ் பேட்டரி முனைய ஒட்டி, ஆல்டர்னேட்டர் பக்கம் இல்ல. டி பிளஸ் (சார்ஜ் பல்பு மாட்டற) முனைக்கு பேட்டரிலேந்து ஒரு சுவிட்ச் வழியா 12 வோல்ட் 3 வாட் குண்டு பல்பு. எல்இடி இண்டிகேட்டர் போட்டா கரண்ட் பத்தாது, எக்சைட் ஆகாது (உள்ள காந்தம் ஏறாது). இன்ஜின் சூடாகி சீரா ஓடின பிறகு சுவிட்ச் போடுங்க, பல்பு அணைஞ்சா சார்ஜ் ஏறுது. ஓடும்போது பேட்டரி வயர கழட்டவே கூடாது, வோல்டேஜ் எகிறி டயோடு போகும். பெல்ட்ட நடுவுல கட்டை விரலால அமுக்கினா அரை இஞ்ச் இறங்கணும். கரண்ட் எந்தப் பக்கம் சுத்தினாலும் வரும், ஆனா குளிர்விக்கிற ஃபேன் இறக்கை ஒரு திசைக்குத் தான். தலைகீழா ஓட்டினா டயோடு வெந்துடும்.

ஆம்பூர் வயர்மேன்:
மே மாசம் கொட்டாய்க்குள்ள 40 டிகிரிக்கு மேல போகும். 25 டிகிரிக்குன்னு வச்ச 14.4 வோல்ட் சார்ஜ் வோல்டேஜ் அப்போ அதிகம், 14.0 பக்கம் போதும். இல்லன்னா டிஸ்டில்டு வாட்டர் வேகமா குறையும். பேனல் வாங்கும்போது டெம்பரேச்சர் சென்சார் உள்ள கன்ட்ரோலர் கேளுங்க. இன்ஜின் கொட்டாய்க்கு வெளிய, காத்து புகைய கொட்டாய விட்டு தள்ளிக்கிட்டு போகற பக்கமா வைங்க. ஜன்னல் திறந்திருக்குதுன்னு திண்ணையில வைக்காதீங்க, கார்பன் மோனாக்சைடு வாசனை காட்டாது.

மாந்தோப்பு:
இன்வெர்ட்டருக்கு ஆர்சிசிபி (கரண்ட் கசிஞ்சா கட் பண்ற சுவிட்ச்) போட்டா ஷாக்குக்கு பாதுகாப்பு தானே?

ஆம்பூர் வயர்மேன்:
நியூட்ரல எர்த்தோட சேர்க்காம போட்டா அது ட்ரிப் ஆகாது. இன்வெர்ட்டர் அவுட்புட்ல ஒரே ஒரு இடத்துல நியூட்ரல் எர்த் லிங்க் கொடுத்து, அதுக்கு அப்புறம் தான் ஆர்சிசிபி. ஆனா மலிவு இன்வெர்ட்டர் சிலதுல ரெண்டு முனையும் லைவ் மாதிரி இருக்கும், லிங்க் போட்டா இன்வெர்ட்டரோட சர்க்யூட் பலகையே எரியும். வாங்கறதுக்கு முன்னாடி மேனுவல்ல அத பாருங்க.