மறு: ‘ஸ்டேடியம் சீட்டிங்’ – படியேற்றம் என்றால் என்ன குறை?

குழுவினருக்கு வணக்கம்.

தியேட்டரில் ஒவ்வொரு வரிசையையும் முன்வரிசையைவிட உயரமான படியில் அமைப்பதை ஆங்கிலத்தில் ‘ஸ்டேடியம் சீட்டிங்’ என்கிறார்கள். அதற்குத் தமிழ்ச் சொல் தேடும் இந்த இழையை மூன்று நாளாக வாசித்துவிட்டுப் பேசாமல்தான் இருந்தேன். நேற்று ‘விளையாட்டரங்க இருக்கை’ என்று ஒரு பரிந்துரை வந்ததும் இருப்புக் கொள்ளவில்லை. தியேட்டர்களின் உள்வேலைக்கு வரைபடம் போடுவதுதான் என் பிழைப்பு. வரைபடத்தில் இப்படி எழுதிக் கொடுத்தால் கொத்தனார் சிமெண்டு கேலரி கட்டிவைத்துவிடுவார்.

‘ஸ்டேடியம்’ என்பது வெறும் சாயல். 1995இல் அமெரிக்காவின் டல்லாஸ் நகரில் ஏஎம்சி என்ற தியேட்டர் நிறுவனம் 24 திரைகளோடு, இந்த அமைப்பில், ‘ஏஎம்சி கிராண்ட்’ தியேட்டரைத் திறந்தது. அதன் பிறகு அங்கே கட்டிய புதுத் தியேட்டர்கள் பெரும்பாலும் இந்த அமைப்புக்கு மாறின, பெயரும் கூடவே பரவியது. ‘சீட்டிங்’ என்ற பாதியும் ஏமாற்றுதான். நாற்காலியில் எந்த மாற்றமும் இல்லை. மாறியது தரை. ஆகவே நாம் தேடவேண்டியது தரைக்கான பெயர்.

பழைய தியேட்டரில் தரை சரிவாக இருக்கும். நடைவழியும் அதே சரிவில் போவதால் எட்டு அடிக்கு ஓர் அடிக்கு மேல் சாய்த்தால் கால் வழுக்கும். அந்தச் சரிவு போதாது என்பதால் நாற்காலிகளைச் சற்றுத் தள்ளிப் போட்டு, முன்னால் இருக்கும் இரண்டு தலைகளுக்கு நடுவே படம் பார்க்க வைத்தார்கள். மீதிப் பேருக்கு மேலே பால்கனி. புது அரங்கில் ஒவ்வொரு வரிசையும் தனித்தனிப் படியில் உட்காருகிறது. இரண்டுக்கும் பொதுவானது, பின்னால் போகப் போகத் தரை ஏறுவது. அதை ‘ஏற்றம்’ என்போம். முதலாவது சரிவேற்றம், இரண்டாவது படியேற்றம். முடிந்தது.

> ‘படித்தளம்’ இன்னும் எளிது அல்லவா?

எளிதுதான், நானும் முதலில் அதைத்தான் எழுதிப் பார்த்தேன். என் மகள் எட்டிப் பார்த்து, “நீட் கோச்சிங் வெப்சைட்டாப்பா?” என்றாள். படிக்கிற தளம்! ‘அடுக்குத்தளம்’ என்றால் மாடிவீடு நினைவுக்கு வருகிறது. படியேற்றத்துக்கும் ‘குடியேற்றம்’ போல ஒலிக்கிறது என்று ஒரு கேலி வரும். வரட்டும்.

அடுத்து, பின்னால் இருப்பவரின் பார்வைக்கோடு முன்னவர் கண்ணுக்கு எவ்வளவு மேலே போகிறது என்ற அளவு. வடிவமைப்பாளர்கள் ‘சி மதிப்பு’ என்று சொல்லும் இதை ‘பார்வைக்கோட்டு இடையளவு’ என்று ஒருவர் எழுதியிருந்தார். பிழை இல்லை. ஆனால் வேலை நடக்கும் இடத்தில் இதைச் சொல்ல ஒரு மூச்சு போதாது. அங்கே நாங்கள் செய்வது இதுதான். திரையின் அடிவிளிம்பு வரப்போகும் உயரத்தில் சுவரில் ஆணி அடித்து நூல் கட்டுவோம். ஒருவர் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காருவார். பின்படியில் இன்னொருவர் உட்கார்ந்து நூலின் மறுமுனையைக் கண்ணுக்கு நேரே பிடிப்பார். நூல் முன்னவர் உச்சந்தலையில் உரசினால் படி பத்தாது. ஒருமுறை நான் கால்குலேட்டரைத் தட்டிக்கொண்டிருக்க, கொத்தனார் சலித்துப்போய்ச் சொன்னார்: “நூல் தலையைத் தாண்டுதா, அதைப் பாருங்க சார்.”

அதுதான் சொல். தலைதாண்டல்.

கண்ணுக்கும் உச்சந்தலைக்கும் நடுவே ஏறத்தாழ 12 செ.மீ. ஆகவே தலைதாண்டல் 12 செ.மீ. இருந்தால் முன்னவர் தலைக்கு மேலாகவே முழுத் திரையும் தெரியும். 6 செ.மீ. என்றால் பழையபடி இரண்டு தலைக்கு நடுவே பார்க்கவேண்டியதுதான். இதே அளவைக் கடைசி வரிசை வரை விடாமல் கொடுக்கப் போனால், பின்னால் போகப் போகப் படி உயரம் கூடிக்கொண்டே போகும். நான் கடைசியாகப் போட்ட சிறிய அரங்கில் முதல் படி 18 செ.மீ., கடைசிப் படி 30க்குக் கொஞ்சம் மேல் என்று கணக்கு வந்தது. நடைவழியில் உயரமான படிகளை இரண்டாக உடைத்தால்தான் கால் வைக்கலாம். எல்லாப் படியையும் உடைத்து, ஒன்று 9, ஒன்று 15 என்று இருந்தால் இருட்டில் பாப்கார்ன் வாளியோடு வருகிறவர் விழுவது நிச்சயம். அதனால் நாலைந்து வரிசைக்கு ஒரே உயரம் வைத்துச் சமாளிக்கிறோம். முன்பக்கப் படிகளை உடைக்காமல் அப்படியே விட்டுவிடுவோம். (சாய்வு நாற்காலி வந்த பிறகு இந்தக் கணக்கே குழம்பிவிட்டது. ஆள் படுத்தால் கண்ணும் தாழ்கிறது, தலையும் தாழ்கிறது. அது தனி இழைக்கான புலம்பல்.)

> ‘படி’ என்ற சொல் நவீன அரங்குக்குப் பொருந்துமா? ‘உயர்காட்சி இருக்கை’ இன்னும் அழகாக இல்லையா?

இதை ஒத்துக்கொள்ளவே முடியாது. படி இருந்தால் சக்கர நாற்காலி ஏறாது. பல அரங்குகளில் சக்கர நாற்காலிக்காரர்களுக்கு முன்வரிசையை மட்டும் ஒதுக்கி, கழுத்து நோக அண்ணாந்து பார்க்க வைத்தார்கள். இதற்காகவே 1999இல் அமெரிக்க நீதித் துறை ஏஎம்சி நிறுவனத்தின் மீது வழக்குப் போட்டது. ‘உயர்காட்சி’ இந்தச் சிக்கலை மூடி மறைக்கிறது. ‘படியேற்றம்’ என்று தலைப்பிலேயே எழுதியிருந்தால், வரைபடத்தைப் பார்க்கிறவர் ‘சரி, ஏற முடியாதவருக்கு இடம் எங்கே?’ என்று கேட்பார். கேட்கட்டும் என்றுதான் எனக்கு அந்தச் சொல் பிடித்திருக்கிறது.

வரிசைகளுக்கு நடுவே குறுக்காகப் போகும் நடைவழியான ‘கிராஸ் ஐல்’ என்பதற்கு ‘குறுக்குவழி’ வேண்டாம், தயவுசெய்து. ‘குறுக்குநடை’ போதும்.

கடைசியாக ஒன்று. படிகளுக்கு அடியில் புகுந்து அரங்கின் நடுவில் வெளிப்படும் வழி இருக்கிறதே, ஆங்கிலத்தில் ‘வாமிட்டரி’. லத்தீனில் கக்குவது என்ற வேரிலிருந்து வந்தது. கூட்டத்தைக் கக்குகிற வாய். இதை யாராவது ‘வாந்திவழி’ ஆக்குவதற்குள் நான் முந்திக்கொள்கிறேன். ‘சுருங்கை’ என்று நம்மிடம் ஒரு பழைய சொல் உண்டு, மேலே மூடிய வழி. சிலப்பதிகாரத்து மதுரையில் யானைக் கூட்டம் போவது சுருங்கை வீதியில்தான். யானை போன வழியில் இடைவேளைக் கூட்டமும் போகலாம் என்பது என் எண்ணம். உரைகளில் இதற்கு வேறு பொருளும் சொல்லியிருந்தால் இலக்கியம் படித்தவர்கள் எடுத்துக்காட்டுங்கள். திங்கட்கிழமை வரைபடம் கொடுக்கவேண்டும், அதற்குள் என்றால் நல்லது.