அனல்மின் நிலையத்துக்குக் கடன் கொடுத்த வெளிநாட்டு வங்கியைக் கேள்வி கேட்க முடியுமா?

கரையோரம் கேட்டது:

குஜராத் கடற்கரையில் முந்த்ராவில் இருக்கும் நிலக்கரி மின் நிலையத்தைப் பற்றிய வழக்கை இரண்டு விதமாகப் படித்துக் குழம்பிப்போயிருக்கிறேன். அங்குள்ள மீனவர்கள் 2019இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் ஜெயித்தார்கள் என்கிறார்கள். அந்த வழக்கில் அவர்களுக்கு ஒரு பைசாகூடக் கிடைக்கவில்லை என்றும் சொல்கிறார்கள். எது சரி? அப்புறம், தூசும் சாம்பலும் கிளப்புவது மின் நிலையம். எங்கோ இருக்கிற வங்கிக்கு மனித உரிமைப் பொறுப்பு எப்படி வரும்?

பழைய கோப்பு:

இரண்டுமே சரி. நான் வங்கியில் கடன் ஒப்பந்தங்கள் பார்த்தவன். அதனால் என் கண் முதலில் அங்கேதான் போகும்.

உலக வங்கிக் குழுமத்தைச் சேர்ந்த, வாஷிங்டனில் இருக்கும் ஐஎஃப்சி, முந்த்ரா நிலையத்துக்கு 2008இல் 45 கோடி டாலர் கடன் கொடுத்தது. சுற்றுவட்டாரம் கெடாமல் பார்த்துக்கொள்ள ஒரு சுற்றுச்சூழல், சமூகச் செயல்திட்டத்தைப் பின்பற்ற வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே இருந்தது. மீறினால் ஐஎஃப்சி நிதியை நிறுத்தலாம். இந்த மாதிரிக் கடன்களில் பொதுவாக ஒவ்வொரு தவணை கேட்கும்போதும், "நிபந்தனை எதையும் மீறவில்லை" என்று கம்பெனி கையெழுத்துப் போட்டுத் தரும். அந்தத் தாளை வாங்கிக் கோப்பில் வைத்துவிட்டுப் பணத்தை விடுவிக்கிறவர், 'தூசு எனக்குச் சம்பந்தமில்லை' என்று சொல்ல முடியாது. இது என் கட்சி.

மீனவர்களின் புகார் என்ன? நிலையத்தைக் குளிர்வித்து வெளியேறும் வெந்நீரால் கரையோர மீன்வளம் போகிறது, காயப்போட்ட மீனில் நிலக்கரித் தூசு படிகிறது, கடல்நீர்க் கால்வாயால் கிணறுகள் உப்பாகின்றன. ஐஎஃப்சிக்கே சிஏஓ என்று ஒரு குறைதீர்ப்பு அலுவலகம் உண்டு. பருவத்துக்கு வந்து கரையில் குடிசை போட்டுத் தொழில் செய்யும் குடும்பங்களை ஐஎஃப்சி சரியாகக் கணக்கில் எடுக்கவில்லை என்று அதுவே 2013இல் எழுதியது. ஐஎஃப்சி பலவற்றை ஏற்கவில்லை. 2015இல் மீனவர்களும் விவசாயிகளும் பக்கத்து நவினால் ஊராட்சியும் ஐஎஃப்சி மேல் வாஷிங்டனில் வழக்குப் போட்டார்கள்.

2019 பிப்ரவரியில் 7-1 என்று வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பு சொன்னது ஒன்றுதான்: 'என்மேல் வழக்கே போட முடியாது' என்கிற முழு விலக்குரிமை இத்தகைய சர்வதேச அமைப்புக்குக் கிடையாது, வெளிநாட்டு அரசுகளுக்கு இருக்கும் அளவுதான். தூசைப் பற்றி அதில் எந்த முடிவும் இல்லை. வழக்கு கீழே திரும்பிப் போனதும், புகாரின் சாரம் இந்தியாவில் நடந்தது, அமெரிக்காவில் அல்ல என்று தள்ளிவிட்டார்கள். 2021இல் மேல்முறையீடும் தோற்றது. 2022இல் உச்ச நீதிமன்றம் மறுபடி எடுக்க மறுத்தது. வாஷிங்டனில் உட்கார்ந்து பணத்தை விடுவித்தது எந்த ஊரில் நடந்த காரியமாம்? எனக்கு இன்னும் விளங்கவில்லை.

மறுதரப்பு:

இப்படி வங்கியைப் பிடித்தால் ஏழை நாட்டுக்கு யார் கடன் தருவார்கள்? இலங்கையின் நுரைச்சோலையையே எடுங்கள். சீன அரசின் எக்சிம் வங்கிக் கடனில் கட்டிய 900 மெகாவாட் நிலக்கரி நிலையம். தென்மேற்குப் பருவக்காற்றில் தூசும் சாம்பலும் பக்கத்து ஊர்த் தோட்டங்களில் விழுகிறது என்றால் நடத்துகிறவர்களையும் அனுமதி கொடுத்த அரசையும் கேட்க வேண்டும். பெய்ஜிங்கையா கேட்பது?

பழைய கோப்பு:

முதலில் அவர்களைத்தான். அதில் சண்டையே இல்லை. ஆனால் வணிகமும் மனித உரிமையும் பற்றிய ஐ.நா. வழிகாட்டு நெறிகள் (2011) ஒருவரோடு நிறுத்தவில்லை. தீங்கைச் செய்தவர், அதற்குத் துணைபோனவர், தொழில் உறவால் அதோடு நேரடித் தொடர்புள்ளவர் என்று மூன்று படி வைக்கின்றன. வங்கியும் இரண்டாம் படியில் வரலாம் என்று ஐ.நா. மனித உரிமை ஆணையர் அலுவலகம் 2017இல் விளக்கிவிட்டது.

சீனாவிலும் விதி இல்லாமல் இல்லை. வெளிநாட்டுத் திட்டங்களுக்குக் கடன் தரும்போது அந்த நாட்டுச் சுற்றுச்சூழல் சட்டம் பின்பற்றப்படுகிறதா என்று வங்கி பார்க்க வேண்டும் என்கிறது 2012இன் பசுமைக் கடன் வழிகாட்டுதல். நுரைச்சோலைக் கடன்கள் அதற்கு முந்தியவை, சரி. பிந்தியவையாக இருந்தாலும் புகாரை எங்கே கொண்டுபோய்க் கொடுப்பது? சிஏஓ மாதிரி ஒரு வாசல் அங்கே இல்லை.

கரையோரம்:

அப்போது நடைமுறையில் என்னதான் வழி?

பழைய கோப்பு:

பணம் போவதற்கு முன்னால் பிடிப்பது. இலங்கையில் திருகோணமலை மாவட்டத்துச் சம்பூரில் இந்திய அரசு மின் நிறுவனமான என்டிபிசியோடு சேர்ந்து கட்டவிருந்த 500 மெகாவாட் நிலக்கரி நிலையம் 2016இல் கைவிடப்பட்டதே, அப்போது கட்டுமானம் தொடங்கியிருக்கவில்லை. இலங்கை உச்ச நீதிமன்றத்தில் வழக்கு நடந்துகொண்டிருந்தது, அரசே வந்து 'கட்டப்போவதில்லை' என்றது.

கட்டி முடித்த நிலையம் என்றால், கடைசித் தவணை எப்போது போனது என்று முதலில் பாருங்கள். அதற்குப் பிறகு வங்கியிடம் இருப்பது, மொத்தக் கடனையும் உடனே திருப்பிக் கேட்கும் உரிமைதான். அதை லேசில் எடுக்க மாட்டார்கள். புகார் எழுதினால் செயல்திட்டத்தின் எந்தப் பத்தி மீறப்பட்டது என்று எண் போட்டு எழுதுங்கள். வெறுமனே "தூசு வருகிறது" என்று எழுதினால் அதை நிலையத்துக்கே அனுப்பிவைத்துவிட்டுக் கோப்பை மூடிவிடுவார்கள்.