லிஸ்ட்டிலிருந்து லிஸ்ட்டுக்கு மாற்றினால் பாதி அப்படியே நிற்கிறது

தாராவி_தம்பி:
பைதான் (புரோகிராம் எழுதுகிற மொழி) படிக்க ஆரம்பித்து மூன்று வாரம் ஆகிறது, வேலை முடிந்து வந்து ராத்திரிதான் உட்கார முடிகிறது. மும்பை சென்ட்ரல் லைனில் எல்லா ஸ்டேஷனிலும் நிற்கிற ஸ்லோ லோக்கல் ரயிலை வைத்து ஒரு புரோகிராம் எழுதிப் பார்த்தேன். ‘வரும்’ லிஸ்ட்டில் தாதர், மாட்டுங்கா, சயான், குர்லா, வித்யாவிஹார், காட்கோபர். ‘போன’ லிஸ்ட் காலி. ஃபார் லூப்பில் ஒவ்வொன்றாக எடுத்து ‘போன’வின் கடைசியில் சேர்த்துவிட்டு (அப்பெண்ட்) ‘வரும்’ லிஸ்ட்டிலிருந்து நீக்குகிறேன் (ரிமூவ்). எர்ரர் எதுவும் இல்லை, ஆனால் கடைசியில் பிரிண்ட் போட்டால் மாட்டுங்கா, குர்லா, காட்கோபர் மூன்றும் ‘வரும்’ லிஸ்ட்டிலேயே உட்கார்ந்திருக்கின்றன. எங்கே தப்பு?

சயான்வாசி:
ஸ்லோ வண்டியை சில ஸ்டேஷனில் மட்டும் நிற்கிற ஃபாஸ்ட் ஆக்கிவிட்டீர்கள், ஆனால் குர்லாவை விட்டுவிட்டு சயானில் நிற்கிற ஃபாஸ்ட்டை நான் பார்த்ததில்லை :)

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஃபார் லூப் பெயரைப் பார்த்து நடப்பதில்லை, இடத்தை எண்ணி நடக்கிறது: 0, 1, 2 என்று. 0-வது இடத்தில் இருந்த தாதரைத் தூக்கியதும், ரேஷன் கடை வரிசை மாதிரி பின்னால் நிற்பவை எல்லாம் ஓர் இடம் முன்னால் வந்துவிடும். மாட்டுங்கா இப்போது 0-வது இடத்தில். லூப் அதற்குள் 1-க்குப் போயாயிற்று, அங்கே நிற்பது சயான். லூப்புக்குள் கடைசி வரியாக பிரிண்ட்(வரும்) போட்டுப் பாருங்கள், நகர்வது கண்ணுக்கே தெரியும்.

செம்பூர்க்காரி:
எல்லாவற்றையும் மாற்றுவதுதான் வேலை என்றால் ஃபார் எதற்கு, லிஸ்ட் தீரும்வரை ஓடுகிற வைல் லூப் போதும். பாப்(0) முதலில் இருப்பதை லிஸ்ட்டிலிருந்து எடுத்துக் கையில் கொடுக்கும்.

வைல் வரும்:
    போன.அப்பெண்ட்(வரும்.பாப்(0))

காலி லிஸ்ட்டை பைதான் ஃபால்ஸ் (பொய்) என்றே எடுத்துக்கொள்ளும், அதனால் தீர்ந்ததும் தானாக நிற்கும். அந்த 0-வை மறந்து வெறும் பாப்() போட்டால் கடைசியிலிருந்து எடுக்கும், வண்டி காட்கோபரிலிருந்து தாதருக்குத் திரும்பி ஓடும். ஆறு ஸ்டேஷனுக்கு இது தாராளம். லட்சக்கணக்கில் இருந்தால் பாப்(0) ஒவ்வொரு தடவையும் மொத்த வரிசையையும் நகர்த்த வேண்டியிருப்பதால் இழுக்கும், அப்போது கலெக்‌ஷன்ஸ் மாட்யூலில் இருக்கிற டெக் (இரண்டு முனையிலும் வேகமாக எடுக்க முடிகிற வரிசை), அதன் முன்னாலிருந்து எடுக்கிற பாப்லெஃப்ட் இரண்டையும் பாருங்கள்.

தாராவி_தம்பி:
ஓடிவிட்டது, நன்றி அக்கா. ஃபாஸ்ட் நிற்கிற ஸ்டேஷன்களை மட்டும் ‘போன’வுக்கு மாற்ற வேண்டும் என்றால்? ‘நகல் = வரும்’ என்று எழுதி, நகலில் லூப்பை ஓட்டி, இஃப் போட்டு நீக்கினேன். தாதர், குர்லா, காட்கோபர் மூன்றும் சரியாக வந்தன, ஆனால் மாற்ற வேண்டியவற்றில் அடுத்தடுத்து இருக்கிற பெயர்களைச் சேர்த்தால் மறுபடி அதே கதை.

சயான்வாசி:
அது நகலே இல்லை, அதே லிஸ்ட்டுக்கு இன்னொரு பெயர். வீட்டில் ஒரு பெயர், ஸ்கூலில் ஒரு பெயர், பையன் ஒருத்தன்தான். ‘நகல் = வரும்[:]’ என்று எழுதுங்கள், [:] போட்டால் தனி லிஸ்ட்டாக நகலெடுக்கும், நகலில் ஓடி ‘வரும்’ லிஸ்ட்டில் நீக்குங்கள்.

எனக்கென்னவோ ரிமூவே பிடிக்காது. ஒரே பெயர் இரண்டு தடவை இருந்தால் முதலில் இருப்பதைத்தான் தூக்கும். இரண்டு காலி லிஸ்ட் வைத்துக்கொண்டு, நிற்கிற ஸ்டேஷன் ஒன்றில், நிற்காதது இன்னொன்றில் என்று அப்பெண்ட் மட்டும் செய்வேன், பழைய லிஸ்ட்டைத் தொடவே மாட்டேன்.

தாராவி_தம்பி:
[:] போட்டதும் சரியாகிவிட்டது. இதற்கா மூன்று ராத்திரி போச்சு!